ஒரு மாடு கொடுத்தால் வறுமை தீருமா?

வறுமையைப் பற்றிப் பேசும்போது எல்லா ஏழைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். ஊருக்குள் போய்ப் பார்த்தால் அப்படி இருக்காது. அரை ஏக்கர் நிலமும் ஒரு கறவை மாடும் வைத்திருப்பவரும் ஏழைதான். அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மீந்த சோற்றை வாங்கிப்போகும் பெண்ணும் ஏழைதான். முதலாமவருக்குக் கடன் கிடைக்கும், குழுவில் இடம் கிடைக்கும், அரசுத் திட்டம் வந்தால் யாரிடம் பெயர் கொடுப்பது என்று தெரியும். இரண்டாமவரின் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இவருக்கும் இவர் பிள்ளைகளுக்கும் எப்படி உதவினால் அந்த உதவி நிலைக்கும்? இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்க்கப்பட்ட விடை ஒன்று வங்கதேசத்திலிருந்து வந்திருக்கிறது. தானம் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு கணக்கு. உலக வங்கி 2025 ஜூன் முதல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 டாலர் என்பதை அதீத வறுமையின் கோடாக வைத்திருக்கிறது. இது வங்கியில் டாலரை மாற்றினால் வரும் ரூபாய் அல்ல. அமெரிக்காவில் 3 டாலருக்கு வாங்கக்கூடிய பொருளை இங்கே வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. இந்தியாவுக்கு 2021-ஆம் ஆண்டு விலையில் அது சுமார் 60 ரூபாய். சாப்பாடு, துணி, மருந்து, கூரை, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கும் கீழே, ஆண் துணையோ நிலமோ இல்லாமல், வேலை கிடைக்கும் நாளில் மட்டும் அடுப்பு எரியும் வீடுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கடன் எட்டாத வீடுகள்

வங்கதேசத்தின் பிராக் அமைப்பைத் தொடங்கியவர் ஃபசல் ஹசன் ஆபித். சிட்டகாங்கில் ஷெல் நிறுவனத்தில் கணக்குத் துறையில் நல்ல வேலையில் இருந்தவர். 1970-ஆம் ஆண்டுப் புயலில் கடலோரத்தில் லட்சக்கணக்கானோர் இறந்ததையும் அடுத்த ஆண்டின் விடுதலைப் போரையும் பார்த்த பிறகு அவரால் அந்த வாழ்க்கைக்குத் திரும்ப முடியவில்லை. லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தோடு 1972-இல் நாட்டின் வடகிழக்கில் உள்ள சுல்லா பகுதிக்குப் போனார். இந்தியாவிலிருந்து திரும்பிவந்த அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதில் வேலை தொடங்கியது.

அந்த அமைப்பின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய செய்தி உதவும். 1980-களில் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தன. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும் என்பதை வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லித்தரப் பெண் பணியாளர்களை பிராக் அனுப்பியது. பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து அந்தப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்த்து அதன்படி கொடுத்தார்கள். நாம் என்ன கொடுத்தோம் என்பதைவிட அந்த வீட்டில் என்ன தங்கியது என்று கேட்கும் இந்தப் பழக்கம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர்.

பிராக் சிறுகடனும் கொடுத்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்குவார்கள், வாரத் தவணையில் கட்டுவார்கள். நம் ஊர் மகளிர் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் ஆக அடியில் இருந்த பெண்கள் அந்தக் குழுக்களில் இல்லை என்பதை பிராக் கண்டுகொண்டது. சிலர் தாமாகவே ஒதுங்கினார்கள். அடுத்த வாரம் தவணை கட்ட முடியாது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். சிலரைக் குழுவே சேர்க்கவில்லை, அவர் கட்டத் தவறினால் மற்றவர் தலையில் விழும் என்ற பயம். பசியில் இருப்பவருக்குக் கடன் கொடுத்தால் அது சோறாகிவிடும், பிறகு கடன் மட்டும் மிஞ்சும். உணவு தானியம் கொடுக்கும் திட்டத்தோடு பயிற்சியையும் சேமிப்பையும் சேர்த்தும் சில ஆண்டுகள் முயன்றார்கள். பலருக்குப் பயன்பட்டது. அடித்தட்டு மட்டும் எழவில்லை. அதன் பிறகுதான் 2002-இல், கடன் என்ற பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, மிக வறிய குடும்பங்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. கிராஜுவேஷன் முறை என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடப்பது இதுவே.

யார் அந்தக் குடும்பம்?

உதவியில் மிகக் கடினமான பகுதி ஆளைக் கண்டுபிடிப்பது. பிராக் பணியாளர்கள் ஊர் மக்களைக் கூட்டி, தரையிலேயே ஊரின் வரைபடத்தை வரையச் சொல்வார்கள். தெரு, குளம், ஒவ்வொரு வீடு. பிறகு வீட்டுக்கு ஒரு அட்டை எழுதி, வசதிப்படி அடுக்கச் சொல்வார்கள். யார் வீட்டில் எத்தனை வேளை சமைக்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும், எந்த அதிகாரிக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் 2005-இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்திலும் மக்களே கூடி ஏழைகளை அடையாளம் கண்ட முறை இருந்தது. ஆனாலும் ஊர் சொன்னதோடு பிராக் நிறுத்துவதில்லை. கடைசித் தட்டில் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள்.

என்ன பார்க்கிறார்கள்? மொத்த நிலம் பத்து சென்ட்டுக்கும் குறைவா. வீட்டு வேலை செய்தோ பிச்சை எடுத்தோ பெண்ணின் கையால்தான் குடும்பம் ஓடுகிறதா. உழைக்கக்கூடிய ஆண் யாரும் இல்லையா. வருமானம் தரும் பொருள் ஒன்றுகூட இல்லையா. இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு: பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளை கூலி வேலைக்குப் போகிறதா?

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிள்ளை வேலைக்குப் போவதைப் பெற்றோரின் குற்றமாகப் பார்க்காமல், அந்தக் குடும்பம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கூலியை நம்பித்தான் அன்றைய அரிசி என்றால், நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்து மட்டும் அதைப் பள்ளியில் நிறுத்த முடியாது. அந்தக் கூலிக்கு மாற்று வழி வீட்டுக்குள் வர வேண்டும்.

மாடு வந்த பிறகு

தேர்ந்தெடுத்த வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து அவருக்கு என்ன ஒத்துவரும் என்று பேசுகிறார்கள். பசு, ஆடு, கோழி, குத்தகை நிலத்தில் காய்கறி, சின்ன வியாபாரம் என்று தெரிவு உண்டு. பெரும்பாலும் கால்நடைதான். தொடக்கத்தில் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் 2011-இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு திட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் வங்கதேசத் திட்டத்தில் மாடு என்பது தொடக்கம் மட்டுமே.

மாடு வந்த அன்றே பால் வராது. கன்று ஈனும்வரை மாதக்கணக்கில் தீவனம் போட வேண்டும், பராமரிக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி வேலையை விட வேண்டும். பசித்த வீட்டில் நிற்கும் மாடு சந்தைக்குப் போக ரொம்ப நாள் ஆகாது. எனவே ஒவ்வொரு வாரமும் சாப்பாட்டுக்கென்று ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள். வருமானம் வரும்வரை மாட்டை விற்காமல் காப்பது அந்தப் பணம்தான்.

அடுத்தது பயிற்சி. எந்தப் புல், எவ்வளவு தண்ணீர், எப்போது தடுப்பூசி, எப்போது குடற்புழு மருந்து, நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது. வாழ்நாளில் சொந்த மாடு வைத்திராதவருக்கு இவையெல்லாம் புதிது. பிறகு மருத்துவம். ஏழை வீட்டில் சேர்த்த பொருளை ஒரே வாரத்தில் கரைப்பது காய்ச்சலும் பிரசவமும் விபத்தும்தான், அதனால் மருத்துவ உதவியைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். வாரத்துக்குச் சில காசாவது சேமிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு ஒரு கிராமக் குழுவும் அமைத்தார்கள். மாடு திருட்டுப் போகாமல், யாரும் மிரட்டிப் பறித்துக்கொள்ளாமல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கதவு அடைபடாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குழுவின் பொறுப்பு.

இவை எல்லாவற்றையும் இணைப்பது வாரம்தோறும் வீட்டுக்கு வரும் பணியாளர். கணக்குப் பார்ப்பார், மாட்டைப் பார்ப்பார், குழந்தையைப் பார்ப்பார், இளவயதுத் திருமணம், வரதட்சணை, சுத்தமான கழிப்பறை பற்றிப் பேசுவார். பல ஆண்டுகள் ஊரே ஒதுக்கிவைத்திருந்த ஒரு பெண்ணின் வாசலுக்கு, அவரை நம்பி, ஒருவர் வாரம் தவறாமல் வருகிறார். இதன் விலையைப் பணத்தில் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டு முடிந்ததும் உதவி நிற்கும். முதல் நாளிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள்.

உண்மையிலேயே பலித்ததா?

வங்கதேசத்தில் 1,309 கிராமங்களில் 21,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் சில பகுதிகளில் முதலில் திட்டத்தைக் கொடுத்து, மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். முதலில் இருந்த நிலையே ஒரு செய்தி சொல்கிறது: வசதியான வீட்டுப் பெண்கள் சொந்தக் கால்நடை வளர்த்தார்கள், மிக வறிய பெண்கள் வயல் கூலிக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். அந்தக் கூலி வேலை சில மாதங்கள்தான் கிடைக்கும். கால்நடை கையில் வந்ததும் வறிய பெண்களும் அதே வேலையைச் செய்தார்கள், வருடம் முழுக்க வேலை இருந்தது, வருமானம் கூடியது. நான்கு ஆண்டு கழித்தும் ஏழு ஆண்டு கழித்தும் அது குறையவில்லை. சிலர் நிலம்கூட வாங்கினார்கள். சோம்பேறித்தனத்தால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்று பேசுபவர்களுக்கு இந்த ஆய்வு போதும்.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் சோதித்த முடிவுகள் 2015-இல் வெளியாயின. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார்கள், 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். இந்தியாவில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் அமைப்பு இதை நடத்தியது. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் குடும்பங்கள் பெற்ற பலன் நாலு ரூபாய்க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து அதே குடும்பங்களைப் பார்த்தபோதும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

மாட்டை மட்டும் கொடுத்தால் போதாதா என்ற கேள்வி எழும். கானாவில் அதையும் சோதித்தார்கள். சில குடும்பங்களுக்கு முழுத் தொகுப்பு, சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும், சிலருக்குச் சேமிப்புக் கணக்கு மட்டும். தனித்தனியாகக் கொடுத்தவற்றின் பலன் நிலைக்கவில்லை. முழுத் தொகுப்பின் பலன் நின்றது.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொன்னால் அது பொய். ஹோண்டுராஸில் பல குடும்பங்களுக்குக் கோழி கொடுத்தார்கள். நோய் வந்து கோழிகள் செத்தன, செலவுக்கு ஈடான பலன் இல்லை. நம் பக்கத்தில், இன்றைய தெலங்கானாவின் மேடக் பகுதியில் நடந்த முயற்சியிலும் நிகர பலன் தெரியவில்லை. காரணம் கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டுகளில் அங்கே விவசாயக் கூலி உயர்ந்திருந்தது. மாடு மேய்ப்பதைவிடக் கூலிக்குப் போவது லாபமாக இருந்ததால், பலர் கால்நடையை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். உதவி பெறாத குடும்பங்களும் அதே கூலியால் மேலே வந்திருந்தன. ஓர் ஊரில் பலித்ததை இன்னோர் ஊரில் அப்படியே கொண்டுபோய் வைக்கக் கூடாது, அங்கே வேலை எப்படி இருக்கிறது, சந்தை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வங்கதேசத் தரவுகளிலிருந்து பிற்பாடு வந்த இன்னொரு முடிவுதான் தானம் செய்பவர் மறக்கக் கூடாதது. மாடு கொடுத்த எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதிரி உயரவில்லை. கையிருப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய குடும்பங்கள் பிறகு தாமாகவே வளர்ந்துகொண்டே போயின. அந்த அளவுக்குச் சற்றுக் கீழே நின்றவை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே சரிந்தன. பள்ளத்தில் சிக்கிய வண்டியைப் பாதிவரை தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது திரும்பவும் உள்ளேதான் உருளும். நூறு குடும்பத்துக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பதற்கும் ஒரு குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாயை முறையாகக் கொடுப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

வங்கதேசத்தில் இந்தத் திட்டம் போன வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடைக் குறைவு குறைந்தது. இது எதிர்பார்க்கக்கூடியது, வீட்டில் பாலும் முட்டையும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பில் அதே வேகம் தெரியவில்லை. மாடு வந்த வீட்டில் அதை மேய்க்கப் பிள்ளையை அனுப்பும் ஆபத்தும் உண்டு. வருமானம் வந்தால் கல்வி தானே வரும் என்று விட்டுவிட முடியாது, பள்ளிக்கென்று தனிக் கவனம் வேண்டும்.

பிள்ளைக்கென்று தனியாகக் கொடுக்கும் உதவியும் வீண் அல்ல. கம்பாஷன் இன்டர்நேஷனல் நடத்திய மாதாந்திர ஆதரவுத் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, ஆதரவு பெற்ற பிள்ளைகள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்தார்கள் என்று கண்டது. அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருந்தபடியே உதவி பெற்றவர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது இன்றும் நடக்கிறது. கம்போடியாவில் வெளிநாட்டு நன்கொடையும் சுற்றுலாப் பயணிகளும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. கணக்கெடுத்தபோது, அங்கிருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரிந்தது. ஏழ்மை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைத் தாயின் கையில் கொடுத்தால் பல பிள்ளைகள் வீட்டிலேயே வளரும்.

நாம் எங்கே தொடங்கலாம்?

இந்தியாவில் பீகார் அரசு 2018-இல் இந்த முறையைக் கையில் எடுத்தது. மதுவிலக்குக்குப் பிறகு சாராயத் தொழிலை இழந்த குடும்பங்களையும் தலித், பழங்குடிக் குடும்பங்களையும் முன்வைத்து, ஜீவிகா மகளிர் குழுக்கள் வழியாக ஒரு லட்சம் வீடுகள் என்று தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய வேலை தனிமனிதர்களால் ஆகாது. ஆனால் அதன் பாடத்தை ஒரு தெருவிலும் பின்பற்றலாம்.

தமிழ்நாட்டில் பெற்றோரை இழந்த, அல்லது தாய் மட்டும் தனியே காப்பாற்றும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் காப்பாற்ற இயலாத பிள்ளைகளுக்கும் 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம், 1098 என்ற எண்ணில் வழி கேட்கலாம். இவற்றைப் பெற வேண்டிய குடும்பத்துக்கு இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமலே போய்விடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய அந்தத் தாயால் முடியாது. அவரோடு போய் அந்தத் தாள்களை வாங்கிக் கொடுப்பது பணம் அதிகம் தேவைப்படாத, பலன் நிச்சயமான உதவி.

தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுப்பவராக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். குடும்பங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கொடுத்த பிறகு எத்தனை மாதம் கூட இருப்பீர்கள்? உதவி நின்று ஓராண்டு கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா? பிள்ளை எங்கே தூங்குகிறது, தாயிடமா, விடுதியிலா? நல்ல அமைப்புகள் இந்தக் கேள்விகளை விரும்பும். பதில் சொல்லாமல் உதவி பெறுபவரின் புகைப்படத்தை மட்டும் காட்டும் அமைப்புக்குக் கொடுக்காதீர்கள்.

நீங்களே நேரடியாகச் செய்வதென்றால், பண்டிகைக்குப் பண்டிகை பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து, நாலைந்து நண்பர்களாக ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேலை தெரியும், எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். தொழிலுக்குப் பொருள், அது பலன் தரும்வரை மாதச் சாப்பாட்டுச் செலவு, மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகை, பிள்ளையின் பள்ளி. இரண்டு ஆண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த இரண்டு ஆண்டும் மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.